யாரைக் கேட்டு 108-ஐ அழைப்பது?

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. வாய்வாக இருக்கும் என்று மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்து, நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டார். 108-க்குப் போன் செய்யட்டுமா என்று நான் கேட்டேன். “அர்த்த ராத்திரியில ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா ஊரே கூடிடும், முதல்ல அவனைக் கேளு” என்றார். என் கணவர் துபாயில் இருக்கிறார். அவர் போனை எடுக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து கொழுந்தனார் காரோடு வந்து சேர ஐந்தரை ஆகிவிட்டது. ஆறு மணிக்கு வழக்கமாகக் காட்டும் கிளினிக்குக்குப் போனோம். இடுப்பில் ஒரு ஊசி போட்டு, கேஸ்தான், போய்ப் படுங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் வலி விடவில்லை. எட்டு மணிக்கு டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ஈ.சி.ஜி. எடுத்ததும் மேஜர் அட்டாக் என்று சொல்லி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்பது இருபதுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, மறுநாள் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் என்கிறார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, கிடைத்த வண்டியில் கிளம்புவதா? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நாங்களே கொடுக்கலாமா? மறுபடி வந்தால் எங்கே போவது? ராத்திரியில் அவர் லேசாக இருமினால்கூட எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

— டெல்டா மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நேரத்தையெல்லாம் இவ்வளவு சரியாகக் குறித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ராத்திரியை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள் என்று புரிகிறது. அந்த நேரங்களையே எடுத்துக்கொண்டு பேசுவோம். உங்கள் கேள்விகளுக்குப் பாதி பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

மூன்று மணிக்கு வலி. ஒன்பது இருபதுக்கு ஊசி. நடுவில் ஆறு மணி இருபது நிமிடம். இதில் சக்கரம் உருண்ட நேரம் எவ்வளவு? கிளினிக்குக்குப் போனது, திரும்பி வந்தது, டவுனுக்குப் போனது, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் போனது என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. முதல் இரண்டரை மணி நேரம் வண்டி வாசலை விட்டே கிளம்பவில்லை. மாரடைப்பில் நேரம் சாலையில்தான் வீணாகிறது, கிராமத்தில் இருப்பதால்தான் தாமதம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் விசாரித்த வரையில் பெரும்பாலான வீடுகளில் நேரம் போவது கூடத்தில்தான். கொஞ்சம் பார்ப்போம், விடியட்டும், அவன் போன் எடுக்கட்டும், பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம். இப்படித்தான் போகிறது.

அந்த நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் பல வருடமாகச் சேர்ந்திருந்த கொழுப்புப் படிவு சட்டென்று வெடிக்கிறது. அந்த இடத்தில் ரத்தம் கட்டியாகி, சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. சுமார் 20 நிமிடத்திலிருந்து தசை சாக ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்குச் சட்டென்று விளங்கும். வாய்க்கால் அடைபட்டால் முதலில் காய்வது கடைமடை வயல். இதயத்தின் ரத்தக் குழாய்கள் வெளிப்புறத்தில் ஓடுவதால், உட்புறத் தசைதான் கடைமடை. சாவு அங்கே தொடங்கி, மணிக்கு மணி வெளிப்பக்கமாகப் பரவும். ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதத்தை வெளியே தள்ளும். உங்கள் மாமனாருக்கு அது 35 ஆனதற்கு அந்த ஆறு மணி நேரம்தான் காரணம்.

இதற்காக உங்கள் மாமியாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கேஸ் தொல்லையையும் மாரடைப்பையும் ஈ.சி.ஜி. இல்லாமல் பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியாத நேரங்கள் உண்டு. இரண்டிலும் நெஞ்சு எரியும், ஏப்பம் வரும், குமட்டும். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் தேவலை போலவும் இருக்கும். அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து இது எது என்று கண்டுபிடிக்க முயலவே வேண்டாம் என்கிறேன். சந்தேகம் வந்தாலே போதும், போனை எடுக்கலாம்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? நடு நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தது போன்ற அழுத்தம். அது இடது கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுவது. இவற்றை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் இவற்றைவிட அதிகமாக மதிப்பது அந்த வியர்வையை. விசிறி ஓடும்போது, உழைப்பு எதுவும் இல்லாமல், தூக்கத்திலிருந்து எழுந்த மனிதருக்குக் குப்பென்று வியர்த்துத் துணி நனைகிறது என்றால் அதை வாய்வு என்று விடாதீர்கள். உங்கள் மாமனாரின் பனியன் மூன்று மணிக்கே சொல்லிவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்திருப்பதால் வலியே இல்லாமலும் வரும். திடீர் மூச்சுத்திணறல், காரணம் தெரியாத அசதி, தலைசுற்றல், வாந்தி மட்டும் இருக்கலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் அப்படித்தான். நெஞ்சில் ஏற்படும் தொல்லை ஓய்வாக உட்கார்ந்தும் பத்து நிமிடத்தில் விடவில்லை என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. இந்த வயதில் வராது என்ற கணக்கும் உதவாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு அது கிட்டத்தட்ட 59.

இனி, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். “108-க்குப் போன் செய்யட்டுமா என்று நான் கேட்டேன்.” நீங்கள் சரியாகத்தான் நினைத்தீர்கள். மூன்று மணிக்கே நினைத்தீர்கள். ஆனால் கேட்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் போன் உங்கள் கையில் இருந்தது, முடிவு துபாயில் இருந்தது. பல வீடுகளில் நிலைமை இதுதான். வெளியூரில் இருக்கும் மகன் சம்மதிக்க வேண்டும், காசு வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வலியில் இருப்பவரே சம்மதிக்க வேண்டும். அவரோ ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். மாரடைப்பு வந்தவர்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பயத்தினாலும் சொல்வார்கள், பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சொல்வார்கள்.

ஆகவே இந்த வாரமே, கணவர் வீடியோ காலில் வரும் ஒரு நேரத்தில், மாமனார் மாமியாரையும் உட்கார வைத்து ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால், பக்கத்தில் இருப்பவர் யாரோ அவரே 108-ஐ அழைப்பார். மருமகளோ, பத்தாவது படிக்கும் பேரனோ, யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேஸ் என்று தெரிந்து திரும்பி வந்தாலும் ஏன் கூப்பிட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது. மகனின் வாயால் இந்தச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால், அந்த நேரத்தில் உங்கள் கை தயங்காது. ஊர் கூடினால் கூடட்டும். ஸ்ட்ரெச்சரைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

ஆம்புலன்ஸா, காரா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்று ஓர் இதய மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகச் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலைக்கு அனுப்பப்பட்டவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே மரண ரயில் பாதை. சத்துக் குறைவால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோயோடு உயிர் தப்பி ஊர் திரும்பினார்.

1960-களில் அவருக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இதய நோய்க்கென்று தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. ஆனால் மாரடைப்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிரிவுக்கு வந்து சேரும் முன்பே, முதல் சில மணி நேரத்துக்குள், வீட்டிலும் வழியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே. ரத்தம் கிடைக்காத தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். அதை நிறுத்த மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியோ மருத்துவமனைச் சுவரில் உள்ள பிளக்கில் மாட்டியிருந்தது. பான்ட்ரிட்ஜ் அந்தக் கருவியைக் கார் பேட்டரியில் ஓடும்படி மாற்றி ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை 70 கிலோ. 1966 ஜனவரியில் அந்த வண்டி ஓடத் தொடங்கியது. டாக்டரும் நர்ஸும் நோயாளியின் வீட்டுக்கே போய் அங்கேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க ஆம்புலன்ஸ் பற்றிய எண்ணமே மாறியது.

நம் 108-உம் அந்த வழியில் வந்ததுதான். தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. காசு கிடையாது. உள்ளே பயிற்சி பெற்ற அவசரகால மருத்துவ உதவியாளர் இருப்பார், ஆக்சிஜன் இருக்கும், கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து கொடுக்க முடியும். உயர்சிகிச்சை வண்டியாக இருந்தால் டிஃபிப்ரிலேட்டரும் இருக்கும். காரில் போகும்போது வழியில் இதயம் நின்றால், உங்கள் கொழுந்தனார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அதனால் முதலில் 108. அதோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற குழப்பமும் பாதி தீர்ந்துவிடும். உங்களைப் போல மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்காது.

ஆனால் எல்லா ராத்திரியும் எல்லா ஊரிலும் வண்டி பக்கத்திலேயே நிற்காது என்பதும் உண்மை. போன் செய்யும்போதே கேளுங்கள், வண்டி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரமாகும் என்று. 20 நிமிடத்துக்குள் என்றால் காத்திருங்கள். முக்கால் மணி நேரம் என்றால், கார் தயாராக இருந்தால், கிளம்பிவிடுங்கள். எந்தச் சாலையில் வருகிறீர்கள், வண்டி எண் என்ன என்று சொல்லி, வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கிலோ கூட்டு ரோட்டிலோ ஆம்புலன்ஸை எதிர்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஓட்டுபவர் தவிர இன்னொருவர் அவரோடு பின் சீட்டில் இருக்க வேண்டும். பைக்கில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மயங்கினால் மூன்று பேரும் விழுவீர்கள்.

108-இல் பேசும்போது பதற்றத்தில் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம். அவர்களுக்கு முதலில் வேண்டியது மாவட்டம், வட்டம், ஊர், தெரு, வண்டிக்காரருக்குத் தெரியக்கூடிய அடையாளம்: மாரியம்மன் கோயிலா, ரேஷன் கடையா, தண்ணீர் தொட்டியா. பிறகு “64 வயது, சர்க்கரை உண்டு, நெஞ்சு வலியும் வியர்வையும், இத்தனை மணிக்கு ஆரம்பித்தது” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். வைத்த பிறகு அதே போனிலிருந்து சொந்தக்காரர்களுக்கு அடிக்கத் தொடங்காதீர்கள். வழி தெரியாமல் வண்டிக்காரர் கூப்பிடும்போது எங்கேஜ்டாக இருக்கும். சொந்தங்களுக்குச் சொல்ல வேறு போன். வாசல் விளக்கைப் போட்டு, நாயைக் கட்டி, மெயின் ரோட்டு முனையில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள். கிராமத்து ராத்திரியில் வண்டி ஊருக்குள் வந்தும் வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் சுற்றுவது சாதாரணமாக நடக்கிறது.

அவரை நடக்க விடக் கூடாது. தலையணையைச் சாய்த்து, முதுகைத் தாங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். காப்பி, சோடா எதுவும் வேண்டாம். இன்னொன்று, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பலர் எழுந்துவிடுவார்கள். மாரடைப்பில் அந்த உணர்வு வருவது உண்டு. கொல்லைப்பக்கம் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளேயே விழுந்தவர்கள் பலர். போக விடாதீர்கள், படுக்கையிலேயே ஆனாலும் பரவாயில்லை.

மாத்திரை பற்றி. நீங்கள் கேட்ட, நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் ரத்தக் குழாய்களை விரித்து வலியைக் குறைக்கும். ஆனால் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். வியர்த்துக் கொட்டி, நாடி தளர்ந்திருப்பவருக்குக் கொடுத்தால் அப்படியே சரிந்துவிடலாம். ஆண்மைக் குறைவுக்காகச் சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டவருக்கு அது ஆபத்து, அதை வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அவருடைய இதய டாக்டர் எழுதிக் கொடுத்து, எப்போது வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை வாங்க வேண்டாம்.

ஆஸ்பிரின் அப்படியல்ல. அது கட்டி மேலும் வளராமல் தடுக்கும். 17,187 நோயாளிகளை வைத்து நடந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988-இல் வெளியானது. ஆஸ்பிரின் மட்டுமே, ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகளால் ஏற்படும் சாவில் ஏறக்குறைய கால்பங்கைக் குறைத்தது. மாத்திரையின் விலையோ சொற்பம். 300 மில்லிகிராம் வேண்டும். வீட்டில் இருப்பது 150 என்றால் இரண்டு, 75 என்றால் நான்கு. தண்ணீரில் விழுங்காமல் மென்று தின்ன வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், வாய் கோணிப் பேச்சுக் குழறிப் பக்கவாதம் போலத் தெரிபவர்கள், முதுகைக் கிழிப்பது போன்ற வலி என்பவர்கள், இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், குழப்பம் இருந்தாலும், 108-இல் பேசும்போதே கேட்டுவிட்டுக் கொடுங்கள். முதலில் போன், பிறகு மாத்திரை.

மாத்திரை வீட்டில் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாடு அரசு 2023 ஜூன் மாதம் ‘இதயம் காப்போம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளில் மொத்தம் 14 மாத்திரைகள். நெஞ்சு வலியோடு வருபவருக்கு முதல் வேளையாக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் கொடுத்து, மேலே அனுப்புவார்கள். பகலில், போகும் வழியில் இருந்தால், அங்கே இரண்டு நிமிடம் நிற்பது நல்ல காரியம். அதற்காக எதிர்த் திசையில் போவதோ, நடுராத்திரியில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதோ வேண்டாம்.

இப்போது அந்த இடுப்பு ஊசி. இதை எல்லா வாசகர்களும் கவனிக்க வேண்டும். நெஞ்சு வலி என்று போனதும் ‘கேஸ் ஊசி’, ‘வலி ஊசி’ போட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அதில் இரண்டு கெடுதல். வலி சற்று மழுங்கி, குணமாகிறது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். உங்களுக்கு அதில் இரண்டு மணி நேரம் போனது. அடுத்தது, சதையில் ஊசி குத்திய இடம். சில மணி நேரத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தை ரத்தத்தில் ஏற்றும்போது, குத்திய இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து பெரிதாக வீங்கக்கூடும். நெஞ்சு வலிக்காரருக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் சதை ஊசி போட வந்தால், “வேண்டாம், முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்” என்று பணிவாக ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆகவே எங்கே போவது என்ற கேள்விக்கு, பக்கத்தில் இருக்கும் கட்டடம் என்பது பதிலல்ல. ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் படித்து, கட்டியைக் கரைக்கும் ஊசியை 24 மணி நேரமும் போடக்கூடிய இடங்களில் எது பக்கமோ அங்கே போக வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் என்று அந்த மருந்துகளுக்குப் பெயர். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் ஊசி ஏற வேண்டும். வசதியுள்ள மருத்துவமனையை எட்டி, ஈ.சி.ஜி.யில் தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டியே செய்துவிட முடியும் என்றால் நேரே அங்கே போவது மேல். முடியாது என்றால் பக்கத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ. இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்ஸோடும் இணைத்து, 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல், ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டு வழியைச் சீராக்கியதால் மட்டும் கிடைத்த பலன் இது.

ஒரு பகல் வேளையில் கொழுந்தனாரை அழைத்துக்கொண்டு உங்கள் வட்டத் தலைநகர அரசு மருத்துவமனைக்குப் போய், ராத்திரியில் மாரடைப்புக்கு இங்கே ஊசி போடுவீர்களா என்று நேரடியாகக் கேட்டுவிட்டு வாருங்கள். ஆம் என்றால் உங்கள் இடம் அது. இல்லை என்றால் அடுத்தது எது என்று அவர்களே சொல்வார்கள். செலவை நினைத்தும் பல வீடுகள் தயங்குகின்றன. அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட் ஆகியவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். அந்த அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள்.

முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்துவிட்டால்? வலி இன்னும் இருக்கிறது என்றால் கிளம்பாதீர்கள். ஆரம்பத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமல், கால் மணி, அரை மணி கழித்து எடுத்ததில் தெரிவது உண்டு. இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறவும் சில மணி நேரமாகும். “இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்” என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் திடீரென்று சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், மூச்சு நின்றோ, குறட்டை போல விட்டுவிட்டு இழுத்துக்கொண்டோ இருந்தால், அது மயக்கமல்ல. இதயம் நின்றுவிட்டது. அந்தக் குறட்டையைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று ஏமாந்துவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டிலில் இருந்தால் உடனே தரையில் இறக்குங்கள், கட்டிலில் வைத்து அழுத்தினால் கயிறுதான் அமுங்கும். பக்கத்தில் முழங்காலிட்டு, நடு நெஞ்சில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள்; முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். போனை ஸ்பீக்கரில் போட்டு 108-ஐ அழைத்து, ஆள் மாற்றி ஆள் அழுத்திக்கொண்டே இருங்கள். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்தான். வாட்ஸ்அப்பில் வரும், ‘தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் இருமிக்கொண்டே இருங்கள்’ என்ற செய்தியை நம்ப வேண்டாம். தனியாக இருப்பவர் செய்ய வேண்டியது 108-ஐ அழைத்து, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருவது.

வெளிநாட்டில் இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு: இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் போனில் இதைப் பதிந்து வையுங்கள்.

உங்களுக்கும் மாமியாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. ஆணுக்கு நெஞ்சு வலித்தால் கொஞ்சம் தாமதமாகவாவது வண்டி கிளம்புகிறது. பெண்ணுக்கு வலித்தால், சமையலை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். தோள்பட்டையில் பிடிப்பு, காரணமில்லாத சோர்வு, மேல் வயிற்றில் எரிச்சல், மூச்சு முட்டல் என்று உங்கள் உடம்பு சொன்னால், மாமனாருக்காகச் செய்யப்போகும் அத்தனையையும் உங்களுக்காகவும் செய்யுங்கள். அதற்கும் யாரிடமும் கேட்க வேண்டாம்.

மாமனாரின் 35 சதவீதம் அப்படியே நின்றுவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். மாரடைப்பில் சாகாமல் வெறுமனே மரத்துப்போன தசையும் உண்டு. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மீளும். மூன்று மாதத்தை ஒட்டி, பம்பிங்கை அளக்கும் எக்கோ ஸ்கேனை மறுபடி எடுக்கலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காகவோ, வயிறு எரிகிறது என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புதிதாக வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

மருந்துச் சீட்டையும், மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும், கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யையும் உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மாரடைப்பு வந்த இதயத்தின் ஈ.சி.ஜி. பிறகும் பெரும்பாலும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். அடுத்த முறை ராத்திரியில் பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு, இது பழையதா புதியதா என்று சொல்லப்போவது அந்தப் படம்தான். கொழுந்தனாருக்கும், துபாயில் இருக்கும் உங்கள் கணவருக்கும் அதை அனுப்பி வையுங்கள்.